முழுக் கேஸையும் அனுப்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் எம்.பி.பி.எஸ் இரண்டாம் ஆண்டு மாணவி. மூன்று நாட்டு மாணவர்கள் எட்டுப் பேர் இணையவழி பி.பி.எல் (ஒரு நோயாளியின் பிரச்சினையை வைத்துக் குழுவாகக் கற்கும் முறை) நடத்துகிறோம். கேஸ், அதாவது அந்த நோயாளியின் விவரம், முதல் நாளே பி.டி.எஃப்பாக வந்துவிடும், தலைப்புகளைப் பிரித்துக்கொள்வோம். ஆனால் பேசுவது இருவர்தான். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். என் ஆங்கிலமும் சுமார். ஜூமை விட்டு வேறு செயலிக்கு மாறலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

செயலியை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. கேமராவையும் விடுங்கள், இணைப்பு மந்தமானவர் அணைத்துத்தான் வைப்பார். கோளாறு நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த பி.டி.எஃப்பில் இருக்கிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969இல் தொடங்கிய முறை இது. பின்னர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ஏழு படிகளாக வகுத்தார்கள். மூன்றாவது படி, படிக்காமலே தெரிந்ததை வைத்து ஊகிப்பது. கடைசிப் பக்கத்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வந்தவர் எதை ஊகிப்பார்?

'மூன்று நாள் காய்ச்சல், நடுக்கம்.' இதை மட்டும் டியூட்டர் (குழுவை வழிநடத்தும் ஆசிரியர்) திரையில் காட்டட்டும். மலேரியா உள்ள நாட்டு மாணவர் உடனே ஸ்மியர் (ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) கேட்பார். இல்லாத நாட்டவர் ஃப்ளூ என்பார், வெளிநாடு போனாரா என்று விசாரிப்பார். அவரவர் ஊரில் இருவர் சொல்வதும் சரி. இந்தச் சண்டைக்காகத்தான் நாடு தாண்டிக் கூடுகிறீர்கள். அதையே தொலைத்துவிட்டு ஏன் யாரும் பேசவில்லை என்கிறீர்கள்!

வாய் திறக்குமுன் மூன்று நிமிடம் எல்லோரும் ஊகத்தைத் தட்டச்சு செய்து, ஒரே நேரத்தில் அனுப்புங்கள். பிறகு உடல் பரிசோதனை, அதன்பின் ஆய்வக முடிவு. கற்றல் இலக்குகளை எழுதி முடிக்கும்வரை கூகுள் கூடாது. இலக்கு கேள்வியாக இருக்கட்டும். 'மலேரியா' என்பது பாடத் தலைப்பு. 'காய்ச்சல் ஏன் விட்டுவிட்டு வருகிறது' என்பதே இலக்கு. தலைப்பைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரித்தால், படித்துவிட்டு வந்து கூடும் இரண்டாம் அமர்வு எட்டுக் குட்டிச் சொற்பொழிவாகிவிடும். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும்.

நாட்டுக்கு நாடு மாறும் அலகையும் கவனியுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 7 என்று ஒருவர் எழுதினால் இன்னொருவர் பதறிப்போவார். லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். கேஸ் தாளில் இரண்டையும் போடச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்துக்காகக் கூச்சப்படாதீர்கள் அம்மா. அடுத்த கேஸுக்குக் குறிப்பெடுப்பவராக இருங்கள். 'மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள்' என்று கேட்பது அவருடைய வேலை.