கொல்கத்தாவில் இரண்டே நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பொங்கலையொட்டி வரும் சனி, ஞாயிறில் குடும்பத்தோடு கொல்கத்தா போக நினைக்கிறார். வெள்ளி இரவு விமானத்தில் இறங்கி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். கூட வருவது கணவர், 11 வயது மகன், 70 வயது மாமியார். மாமியாருக்கு மூட்டு வலி, சுத்த சைவம். கணவருக்கு மீனும் பிரியாணியும் வேண்டும். இவருக்குப் புத்தகக் கடைகள் மேல் ஆசை. பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீளமான பட்டியல் ஒன்றை இணைத்திருக்கிறார். அதில் சுந்தரவனமும் சாந்திநிகேதனும்கூட இருக்கின்றன. "இதையெல்லாம் எப்படி அடுக்குவது?" என்பது கேள்வி.

முதலில் தேதியைப் பேசிவிடுவோம், அதுதான் அவசரம். முடிந்தால் பொங்கல் வாரத்தைத் தவிர்த்து, ஒரு வாரம் தள்ளிப் போங்கள். மகர சங்கராந்திக்கு, கங்கை கடலில் கலக்கும் கங்காசாகரில் நீராட நாடெங்கிலுமிருந்து லட்சக்கணக்கானவர்கள் கொல்கத்தா வழியாகத்தான் போகிறார்கள். ஆற்றங்கரையில் பாபுகாட் பகுதி அந்த நாட்களில் யாத்ரீகர் முகாமாகவே மாறிவிடும். உங்கள் பயணத்தில் ஆற்றங்கரைக்கு முக்கிய இடம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஜனவரி 26-ஐ ஒட்டிய நாட்களும் வேண்டாம். நகர நடுவில் 'மைதானம்' என்றே பெயர் பெற்ற பெரிய திடலை ஒட்டிய ரெட் ரோட்டில் குடியரசு தின அணிவகுப்பு நடப்பதால் அந்தப் பக்கத்துச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார இறுதி கிடைத்தால் அதைப் பிடியுங்கள். பனிமூட்டத்தால் ஜனவரியில் விடிகாலை விமானங்கள் தாமதமாவது வழக்கம். நீங்கள் இரவு விமானம் எடுத்திருப்பது நல்லதுதான்.

அடுத்து, பட்டியலில் அடிக்க வேண்டியவை. சுந்தரவனத்துக்கு மட்டுமே இரண்டு நாள் வேண்டும். சாந்திநிகேதன் 160 கிலோமீட்டருக்கு மேல். போகவே மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இரண்டையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை நகரத்தை விட்டு வெளியே கால் வைக்க வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் கொல்கத்தா போகும்போது கணக்கில் எடுக்கத் தவறுவது வெளிச்சத்தைத்தான். அது கிழக்குக் கோடி. கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் வேறு. ஜனவரியில் காலை ஆறேகாலுக்கு விடிந்து, மாலை ஐந்து மணி தாண்டியதும் அஸ்தமனம். மதுரையில் செய்வதுபோல பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் கையில் ஏழு மணி நேர வெளிச்சம்தான் மிஞ்சும். ஆகவே காலைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மதியம் ஓய்வெடுத்து, சூரியன் மறைவதை ஆற்றின் மேல் இருந்து பாருங்கள். சாப்பாடு, இனிப்பு, கடை எல்லாம் இருட்டிய பிறகும் காத்திருக்கும். நான் போடும் திட்டம் முழுக்க இதை வைத்துத்தான்.

தங்குவது எஸ்பிளனேடுக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் இடையில் இருக்கட்டும். வடக்கு தெற்காக ஓடும் நீலத் தடமும், ஆற்றைக் கடந்து ஹௌராவுக்குப் போகும் பச்சைத் தடமும் சந்திக்கும் மெட்ரோ நிலையம் எஸ்பிளனேடுதான். மதியம் அறைக்கு வந்து மாமியார் காலை நீட்ட வேண்டும் என்றால் அறை நடுவில்தான் இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கே 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டது, நோவாபாடாவில் மாற வேண்டும். ஆனால் வெள்ளி இரவு பெட்டி, பையன், பெரியவர் என்று நீங்கள் இறங்கும்போது டாக்ஸியே சரி.

சனிக்கிழமை வடக்கு, ஞாயிற்றுக்கிழமை மைதானமும் தெற்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சனிக்கிழமை மெட்ரோ ஏழு மணி வாக்கில் தொடங்கிவிடும், ஞாயிறன்று ஒன்பது மணி ஆகிவிடும். கல்லூரித் தெருப் புத்தகக் கடைகளும் ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும்.

சனி காலை முதல் வண்டியைப் பிடித்து நேராகத் தட்சிணேசுவரம் போங்கள். நீலத் தடத்தின் கடைசி நிலையம் அது. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்தை ஒட்டிய உயர்நடைபாதை கோயில் வாசல் வரை போகிறது, ஏறுவதற்கு நகரும் படிகள் உண்டு. ராணி ராஸ்மணி 1855-இல் கட்டிய காளி கோயில். ஒன்பது கோபுரமும், ஆற்றை ஒட்டி வரிசையாக 12 சிவன் சந்நிதிகளும், ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. செல்போனை வெளியில் ஒப்படைக்க வேண்டும். சனியும் செவ்வாயும் காளிக்கு உகந்த நாள் என்பதால் கூட்டம் சேரும். முதல் வண்டி என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் கடைகளில் சுடச்சுட ஹிங் கொச்சூரி கிடைக்கும், பெருங்காயம் போட்ட பூரி மாதிரி, உருளைக்கிழங்குக் குழம்போடு. அதுவே காலைச் சாப்பாடு.

அங்கிருந்து பேலூர் மடம் எதிர்க்கரையில். எல்லோரும் படகைத்தான் சொல்வார்கள். உங்கள் மாமியாருக்கு அது வேண்டாம். படித்துறையில் இறங்கி, ஆடும் படகில் கால் வைப்பது மூட்டு வலிக்காரருக்குக் கஷ்டம். ஆற்றில் நீர் இறங்கியிருந்தால் கீழ்ப்படிகளில் சேறு வேறு. கணவரும் பையனும் படகில் வரட்டும், நீங்களும் மாமியாரும் பாலி பாலம் வழியாகக் காரில் போய்விடுங்கள். மடம் பகல் பதினொன்றரை வாக்கில் மூடினால் மாலைதான் திறக்கும், எனவே பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். 1938-இல் குடமுழுக்கான அந்த ராமகிருஷ்ணர் ஆலயத்தில் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றின் சாயலும் கலந்திருக்கும். உள்ளே அமர்ந்து அரை மணி நேரம் பேசாமல் இருங்கள், அதற்காகவே கட்டிய இடம். விவேகானந்தர் வாழ்ந்த அறையும் அவர் நினைவாலயமும் ஆற்றங்கரையில் இருக்கின்றன. அவர் சிகாகோ போக உதவியவர்களில் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். உங்கள் பக்கத்து ஊர்க் கதை, மகனுக்குச் சொல்லுங்கள்.

அங்கிருந்து காரிலேயே எஸ்பிளனேடு வந்து மதியச் சாப்பாடு. வங்காளச் சாப்பாட்டுக்கு எஸ்பிளனேடில் இருக்கும் போஜோஹரி மன்னா போதும். கணவருக்கு இலிஷ் எனும் ஹில்சா மீனைவிட, முதல் தடவை பேட்கி என்ற மீனில் செய்யும் பாத்தூரியைச் சிபாரிசு செய்வேன். கடுகு அரைத்துத் தடவி, வாழை இலையில் கட்டி வேகவைத்தது. முள் தொல்லை இல்லை. ஹில்சாவுக்கு ருசியான காலம் மழைக்காலம்தான், முள்ளும் மயிரிழை மாதிரி இருக்கும்.

மாமியார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வங்காளத்தில் பிராமணர்களே மீன் சாப்பிடுவார்கள். "நாங்கள் ஐயர்" என்று சொன்னால் சைவம் என்று அங்கே அர்த்தமாகாது. "நிராமிஷ்" என்று கேட்டு வாங்குங்கள். பருப்பில் மீன் தலை போடுவதும், கீரை, முட்டைக்கோசு பொரியலில் மீன் சேர்ப்பதும் சாதாரணம். எனவே காய்கறிப் பெயரைப் பார்த்து மட்டும் நம்ப வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். மற்றபடி வங்காளச் சைவம் அருமையானது. தேங்காய்த் துண்டு போட்ட கடலைப்பருப்பு, கசகசா அரைத்துச் செய்த ஆலு போஸ்தோ, வாழைப்பூவில் செய்யும் மோச்சார் கொண்டோ, பருப்பு வடையைக் குழம்பில் போட்ட தோகார் டால்னா. நம் பருப்புருண்டைக் குழம்புக்கு ஒன்றுவிட்ட உறவு அந்த டால்னா. அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

அப்புறம் நான்கு பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டியதில்லை. சாப்பிட்டதும் பாட்டியும் பேரனும் அறையில் படுக்கட்டும். நீங்கள் இருவரும் மெட்ரோவில் மூன்று நிறுத்தம் போய் மகாத்மா காந்தி ரோட்டில் இறங்கினால் கல்லூரித் தெரு கூப்பிடு தூரம். தெரு நீளத்துக்கும் மரப்பெட்டிக் கடைகள். பெரும்பாலும் வங்காளமும் பாடப் புத்தகங்களும்தான், ஆனால் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் அடியில் எங்கோ இருக்கும். பொறுமையாகக் கேளுங்கள், எடுத்துக்கொடுப்பார்கள். அந்தத் தெருவின் பழைய காஃபி ஹவுஸில் காபி சுமார்தான், நம் நாக்குக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உயரமான அந்தக் கூடத்தில் மேஜைக்கு மேஜை நடக்கும் வாதத்தைக் கேட்க ஏறத்தான் வேண்டும். தாகத்துக்கு 1918-லிருந்து நடக்கும் பாராமவுண்டில் டாப் ஷர்பத், இளநீரில் செய்தது. மூன்றரைக்கு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஏனென்றால் நாலேகாலுக்கு நான்கு பேரும் ஆற்றங்கரையில் இருக்க வேண்டும். ஃபேர்லி படித்துறையிலிருந்து ஹௌராவுக்கு அரசு லாஞ்ச் போகிறது. டிக்கெட் சில ரூபாய்தான். இங்கே மிதவை மேடை என்பதால் மாமியாரும் மெதுவாக ஏறலாம். 1943-இல் திறந்த ஹௌரா பாலத்தை அந்த வெளிச்சத்தில் ஆற்றின் நடுவிலிருந்து பார்க்க வேண்டும். நட்டு போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவெட்டாலேயே இணைத்த பாலம், பையனிடம் சொல்லி வையுங்கள். பாலத்தின் மேல் நடப்பதும், அடியில் மல்லிக்காட் பூச்சந்தைக்குள் நுழைவதும் பெரியவர்களுக்கு ஏற்றதல்ல. தலையில் மூட்டையோடு ஓடி வருபவர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். கணவர் விரும்பினால் ஞாயிறு விடிகாலையில் தனியாகப் போய்ப் பார்த்து வரட்டும்.

ஹௌராவில் இறங்கி, திரும்பி வருவது ஆற்றுக்கு அடியில். 2024 மார்ச்சில் திறந்த பச்சைத் தட மெட்ரோ ஹூக்ளிக்குக் கீழே 520 மீட்டர் கடக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது, சுரங்கத்தில் நீல விளக்கு தெரியும் இடம்தான் ஆறு. போகும்போது மேலே, வரும்போது கீழே. மகனுக்கு இந்தப் பயணத்திலேயே இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இரவு உணவுக்குக் கணவருக்கு உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணி. 1856-இல் அவத் நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து இந்த ஊருக்கு வந்தபோது அவர் சமையற்காரர்களோடு வந்த வழக்கம். காரம் குறைவு, மணம் அதிகம். நம் திண்டுக்கல் பிரியாணியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. பார்க் சர்க்கஸ் அர்சலானில் சாப்பிடலாம், அல்லது நியூ மார்க்கெட் பின்னால் நிஜாமில் காட்டி ரோல், பரோட்டாவில் கபாப் வைத்துச் சுருட்டியது. மாமியாருக்கு எக்ஸைடு சந்திப்பு ஹால்டிராம், முழுச் சைவம்.

ஞாயிறு காலை மாமியாருடையது. டாக்ஸி எடுத்து லேக் மார்க்கெட் போங்கள். பல தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கும் வட்டாரம் அது. இட்லி, பொங்கல், ஃபில்டர் காபி கிடைக்கும், பூக்கடையும் வாழை இலையும்கூட. முந்தைய நாள் முழுதும் புது ருசியோடு போராடியவருக்கு இது பெரிய நிம்மதி. காளிகாட் கோயில் பக்கத்திலேயேதான். போவதானால் சீக்கிரம் போங்கள், பண்டாக்கள் எனும் கோயில் வழிகாட்டிகள் யாரையும் கூட அழைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஆட்டுப் பலி உண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தட்சிணேசுவரம் பார்த்தாயிற்று, இதை விட்டாலும் குறையில்லை என்பது என் எண்ணம்.

ஒன்பதரைக்கு விக்டோரியா நினைவகம். 1921-இல் திறந்த வெள்ளைப் பளிங்கு மாளிகை. தோட்டத்தில் சுற்றி, வெளியிலிருந்து பார்த்தால் போதும். ஞாயிறு காட்சிக்கூட வரிசையில் நிற்கும் நேரத்தை இந்திய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். 1814-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானது. எகிப்திய மம்மி மகனுக்கு, பார்ஹூத் பௌத்த ஸ்தூபியின் சிவப்புக் கல் வேலிகள் உங்களுக்கு. அந்தக் கல்லில் செதுக்கிய, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை நின்று பாருங்கள், அவசரப்பட வேண்டாம். நடுவில் மதியச் சாப்பாடு பார்க் ஸ்ட்ரீட்டில். அங்கே பீட்டர் கேட் உணவகத்தில் செலோ கபாப், அதாவது சோற்றோடு தரும் கபாப் வேண்டுமானால் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். பன்னிரண்டரைக்கு மேல் ஞாயிறன்று தெருவில் வரிசை நிற்கும்.

கடைசியாக இனிப்பு. நீங்கள் போவது நோலேன் குட் காலம், அதாவது புதுப் பேரீச்சை வெல்லம். குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் கிடைக்காது. ரசகுல்லாவைவிட, பாலைத் திரித்து அந்த வெல்லம் சேர்த்துச் செய்த சந்தேஷுக்கு முன்னுரிமை கொடுங்கள். பவானிபூரில் 1885-லிருந்து இருக்கும் பலராம் மல்லிக் கடையில், உள்ளே வெல்லப்பாகு வைத்த ஜல்பரா சந்தேஷை அங்கேயே நின்று சாப்பிடுங்கள். ஊருக்கு வாங்குவதானால் ஞாயிறு மாலை கிளம்பும்போது பாகு இல்லாத கெட்டிச் சந்தேஷாக வாங்கி, திங்கள், செவ்வாய்க்குள் தீர்த்துவிட வேண்டும். மண்சட்டியில் வரும் இனிப்புத் தயிரான மிஷ்டி தோய் விமானத்துக்குத் தாங்காது. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க கே.சி. தாஸின் டின் ரசகுல்லா எஸ்பிளனேடிலேயே கிடைக்கும். அதைக் கைப்பையில் வைத்தால் பாகுக்காகப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.