பாதியில் நிற்கும் பழைய காரை முடிப்பதா, விற்பதா?

கேள்வி: என்னிடம் 1984 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. புதுப்பிக்கலாம் என்று முழுசாகக் கழற்றினேன். இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. ஒன்றரை லட்சம் செலவாகிவிட்டது. மேலே போட்டு முடிப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?

பதில்:

‘முழுசாகக் கழற்றினேன்’ என்பதைப் படித்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்தபோது கழற்றினீர்களா, நின்றுபோன பிறகு கழற்றினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. ஓடிய வண்டியைத்தான் கழற்றியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் கார் பேச்சு வந்தால் நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். நான் ஏழு வருடம் அப்படித்தான் தண்ணீர் குடித்தேன்.

நான் மெக்கானிக் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். பழைய வண்டிகளைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ‘விற்கச் சொல்கிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்’ என்று அவர்கள் வருவார்கள் என்பதும் தெரியும். வரட்டும். அரைகுறை வண்டியோடு குடும்பம் நடத்துவது எப்படி என்பதில் எனக்கு அனுபவம் இருக்கிறது.

2014இல் பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை 55,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு கதவு வண்டி. அன்றைக்கே கிணத்துக்கடவு வழியாக நாற்பது கிலோமீட்டர் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். மூன்றாவது கியர் தானாக நியூட்ரலில் வந்து விழும், ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பின்னால் கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரிப் புகை. இருந்தாலும் வீடு வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் சந்தை, கோயில், பெட்ரோல் பங்க் என்று சுற்றவும் செய்தேன். அதாவது, ஓடிய வண்டி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெட்ராஸுக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் செய்த வண்டி. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சிசி எஞ்சின். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்தவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து, தனியாக இருக்கும் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி வண்டியை அமைத்தார்கள். அவர்களுடைய சங்கடம் எனக்கு வினையாக முடிந்தது. ஒரு ஸ்பானர் செட் இருந்தால் போதும், ஹெரால்டு மாதிரி சுலபமாகக் கழன்று வருகிற கார் வேறு இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்டிகோவில் கார் இல்லை, சாமான்கள்தான் இருந்தன.

ஏன் கழற்றினேன்? புகைதான் பிரச்சினை. எஞ்சினை மட்டும் இறக்கியிருக்க வேண்டும். ‘இறக்குவதுதான் இறக்குகிறோம், பாடியையும் எடுத்துவிட்டால் சேசிஸுக்குப் பெயின்ட் அடித்துவிடலாமே’ என்று நினைத்தேன். உங்களுக்கும் இந்த ‘இறக்குவதுதான் இறக்குகிறோம்’ வந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்கே வயிறு எரியும். பாடி ஒரு டிங்கரிங் கடைக்குப் போனது. ‘ரெண்டு மாசம்ணா’ என்றார்கள். பதினான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வேப்ப மரத்தடியில், அட்வான்ஸ் கொடுத்த அன்று நின்ற அதே இடத்தில் நின்றது. உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. எஞ்சின் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் லேத் வேலைக்குப் பஞ்சமா? ரீபோர் செய்து, கிராங்க் கிரைண்டிங் முடித்து, வால்வு லேப்பிங் எல்லாம் சுத்தமாகச் செய்து கொடுத்தார்கள். அதைச் சாக்கில் சுற்றிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். பானெட் மொட்டை மாடிக்குப் போனது. ஹெரால்டின் பானெட் என்பது முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாகத் திறக்கும் சமாசாரம், ஒரு கட்டில் அளவு இருக்கும். அம்மா அதன் மேல் வேட்டியை விரித்து வத்தல் காயப்போட ஆரம்பித்தார். இரண்டு வருடம் கழித்து, ‘கண்ணு, கார் முடிஞ்சாலும் அந்த மூடிய மட்டும் எடுத்துராத, நல்லா சூடேறுது’ என்றார்.

சாமான்களும் விசித்திரமாகத்தான் கிடைத்தன. முன் சக்கரம் திரும்புகிற மூட்டான ட்ரன்னியன், பிரேக் சிலிண்டர், கார்புரேட்டர் கிட் எல்லாம் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்துவிடும். அங்கே ஹெரால்டும் அதன் உறவுக்கார வண்டிகளும் இன்னும் நிறைய ஓடுகின்றன. (ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள், கியர் ஆயில்தான் விட வேண்டும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் இதற்காகவாவது நன்றி சொல்வார்கள். நம் ஊரில் கிரீஸ் அடித்து அடித்துத்தான் எத்தனையோ ஹெரால்டுகளின் முன் சக்கரம் மடங்கியது.) ஆனால் இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டே கிடையாது. அது நம் ஆட்கள் செய்தது. அதனால் பின் கதவுக் கண்ணாடி, பீடிங், கதவுத் தகடு எதுவும் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. வண்டலூர் கம்பெனியோ ஸ்டாண்டர்டு 2000 என்ற காரோடு 1980களின் கடைசியிலேயே முடிந்துவிட்டது. பின் கதவு ரப்பருக்காக உக்கடம் காயலான் கடைகளில் நான் அலைந்த சனிக்கிழமைகளைச் சேர்த்தால் ஒரு டிகிரி வாங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டிக்கென்று ஒரு புது பேட்டரி வாங்கி வைத்திருந்தேன். 2019இல் என் மச்சான் வந்து, ‘சும்மாதானே மாமா இருக்கு, இன்வெர்ட்டருக்கு ஒரு வாரம்’ என்று எடுத்துப் போனார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அவர் ஏழு வருட இஎம்ஐயில் பன்னிரண்டு லட்சத்துக்குக் கார் வாங்கி, உறை போட்டு மூடி, மாதம் இரண்டு முறை எடுக்கிறார். அதை யாரும் தண்டச் செலவு என்று சொல்வதில்லை. என் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் ‘மாமாவோட காரு எப்ப வருது?’ என்று முதலில் கேட்பவரும் அவர்தான். சரி, விடுங்கள்.

2020இல் ஊரடங்கு வந்தது. இனி நேரமில்லை என்று சொல்ல முடியாது. கணக்குப் பார்ப்பவன் என்பதால் உட்கார்ந்து எழுதினேன். அதுவரை போனது 2,60,000. மீதி: பட்டி, பெயின்ட் 90,000, சீட், உள் வேலை 40,000, வயரிங் 18,000, டயர் 16,000, கண்ணாடி, ரப்பர், குரோம் எல்லாம் சேர்த்து 50,000. எழுதாமல் விட்டது எப்போதும் எழுதியதில் பாதி இருக்கும். அதையும் கூட்டினால் மூன்று லட்சத்துக்கு மேல். முடித்தால் அன்றைக்கு எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் இரண்டரை, மிஞ்சினால் மூன்று லட்சத்துக்குப் போகும். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒன்றாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான்.

ஆனால் என்னை விற்க வைத்தது அந்தக் கணக்கு இல்லை. பணத்தைப் பார்த்தால் யாரும் பழைய கார் பக்கமே போக மாட்டோம். ஊரடங்கில் மூன்று மாதம் வீட்டிலேயே இருந்தேன். ஒரு நாள்கூட நான் அந்த எஞ்சினை மூடிய சாக்கை எடுக்கவில்லை. ஹெரால்டு படங்களை ராத்திரி போனில் பார்ப்பேன், விடிந்தால் படிக்கட்டுப் பக்கம் போக மாட்டேன். எனக்குப் பிடித்திருந்தது கார் வைத்திருப்பவன் என்ற பெயர். வேலை செய்யப் பிடிக்கவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

2021இல் 70,000க்கு விற்றேன். வாங்கியது ஒரு லேத் பட்டறையில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பையன். குட்டியானையில் இரண்டு நடை போனது. அம்மா பானெட்டின் மேலிருந்த வத்தலை அள்ளிக்கொண்டு, அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஐந்தாவது மாதம் அவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பெயின்ட் இல்லை, பாடியே இல்லை. வெறும் சேசிஸில் என் எஞ்சினை ஏற்றி, சக்கரம், பிரேக், ஸ்டியரிங் மட்டும் மாட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டி, அதில் உட்கார்ந்து பட்டறைச் சந்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்ரோல் கேன் தோளில் தொங்கியது. புகை இல்லை. நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அவன் செய்ததுதான் உங்களுக்கு என் பதில். நான் பெயின்டில் தொடங்கினேன், அவன் ஓட்டத்தில் தொடங்கினான். முடிப்பதா விற்பதா என்று இப்போது முடிவெடுக்காதீர்கள். முதலில் வண்டியை உருளவும் ஓடவும் நிற்கவும் வையுங்கள். டப்பாக்களில் இருக்கும் காருக்குக் காயலான் கடை விலைதான். தானாகக் கிளம்பி வாசல் வரை வருகிற அசிங்கமான காருக்கு வேறு விலை. அதுவரை செய்வதற்குள்ளேயே உங்களுக்கு இந்த வேலை பிடிக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் பத்மினியில் ஒரு சிக்கல். ஹெரால்டு மாதிரி தனிச் சேசிஸ் அதற்கு இல்லை, பாடிதான் எல்லாம். அதனால் ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் படிப்பட்டி, முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடம் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். பட்டி பூசி மறைத்த இடம் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், அதுவும் இரண்டு பக்கமும் இறங்கினால், விற்றுவிடுங்கள். தகடு நன்றாக இருந்தால் 1089 சிசி எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரிய விஷயமே இல்லை. கை வைத்துப் பழகிய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். 2000 வாக்கில் உற்பத்தி நின்றது, மும்பை டாக்சிகளும் 2023இல் தெருவைவிட்டுப் போய்விட்டன. அந்த டாக்சிகளுக்காகத்தான் இத்தனை நாள் பாகங்கள் வந்துகொண்டிருந்தன. கிளப்பும்போது பழைய பெட்ரோல் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரமையும் மாற்றிவிடுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது.

ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, எதுவரை செல்லும் என்றும் பாருங்கள். பதினைந்து வயது தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 600ஆக இருந்ததை 2022இல் 5,000 ஆக்கினார்கள். இருபது வயது தாண்டினால் 2025இலிருந்து 10,000. ‘விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும், உங்களுடையதற்கு இன்னும் இருக்கிறது. பதிந்தாலும் தினசரி ஓட்ட முடியாது.

விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. உள்ளே போல்ட்டுகள், இரண்டு கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகள். மேலே என் கையெழுத்தில் ‘பின் கதவு, வலது’ என்று எழுதியிருந்தது. பையனுக்குப் போன் செய்தேன். அவன் அதற்குப் பதிலாக லேத்தில் எதையோ கடைந்து மாட்டிவிட்டானாம். ‘பரவால்லண்ணா, நீங்களே கொண்டு வாங்க. பெயின்ட் மட்டும்தான் பாக்கி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க’ என்றான். மூன்று வாரமாகப் பாட்டில் மேஜை மேல் இருக்கிறது.

வருகிற ஞாயிறு போகலாம் என்றிருக்கிறேன். போகிற வழியில்தான் மச்சான் வீடு. அந்த பேட்டரி இந்நேரம் செத்திருக்கும். இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவேன்.