ஏப்ரலில் ஒரு வாரம் மதுரையில் தங்கினால் வெயிலில் என்ன செய்யலாம், எங்கே போகலாம்?

பெங்களூரிலிருந்து ஏப்ரல் இரண்டாவது வாரம் வருகிறோம், ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அறுபத்தெட்டு வயது அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் மதுரை, மிச்ச நாள் கொடைக்கானல் என்பது உங்கள் திட்டம். நான் பிறந்ததும் வேலை பார்ப்பதும் மதுரையில்தான். கொடைக்கானலை இந்த முறை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மதுரையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர், அதில் கிட்டத்தட்ட பாதி வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. கோடையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். 2024 மே மாதத்திலிருந்து மலைக்குப் போகிற வண்டிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். அம்மாவையும் ஏழு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஏன் கழிக்க வேண்டும்? ஏழு நாளும் இங்கேயே இருங்கள். மதுரையை நிதானமாகப் பார்க்க அந்த ஏழு நாளும் சரியாக இருக்கும்.

ஆனால் வெயிலோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விடியற்காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை உங்களுடையது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் உங்களுடையது. நடுவில் இருப்பதை நிழலுக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் என் அக்கா குடும்பம் வந்திருந்தபோது பதினொரு மணிக்குக் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். கோவில் மதிலுக்குள் இருக்கிற தெற்கு ஆடி வீதியில் பாதி தூரம் நடந்ததும் அக்கா மகள் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி அழ ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்று ராத்திரி அவள் உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். அந்தக் கருங்கல் தளம் எப்படிச் சுடும் என்று தெரிந்தும் நான் செய்த தப்பு அது. அதனால்தான் இந்த நேரக் கணக்கை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மீனாட்சி அம்மன் கோவிலுக்கு ஒரே தடவையில் எல்லாம் பார்க்கப் போகாதீர்கள், இரண்டு தடவை போங்கள். ஒரு நாள் விடியற்காலையில், நடை திறந்த கையோடு. கல் குளிர்ந்து இருக்கும், பொற்றாமரைக் குளப் படிக்கட்டில் அம்மா நிம்மதியாக உட்காரலாம். இன்னொரு நாள் ராத்திரி ஒன்பதுக்குப் போய்ப் பள்ளியறை பூஜை வரை இருங்கள். சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் ஏறி, மேளமும் நாதசுரமுமாக, சாம்பிராணிப் புகைக்கு நடுவே அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு வரும். பகலெல்லாம் பெரிய கோவிலாக இருந்தது அந்த நேரத்தில் ஒரு வீடு மாதிரி ஆகிவிடும். வீட்டுக்காரர் வேலை முடிந்து வருகிறார், வீடு கதவைச் சாத்தப் போகிறது. சின்னவன் தூங்கிவிழுந்தாலும் பரவாயில்லை, தோளில் போட்டுக்கொண்டு பாருங்கள். செல்போன் உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. 14ஆம் தேதி சித்திரை ஒன்று. அன்றைக்கு மட்டும் கோவில் பக்கம் கூட்டம் தாங்காது, வேறு இடத்துக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சங்கிலிக் கதை சொல்லிவிட்டுக் கூட்டிப் போனால் ஊர் ஒட்டிக்கொள்ளும். கோவிலுக்குள் முக்குறுணி விநாயகர் என்று பெரிய பிள்ளையார் இருக்கிறார். திருமலை நாயக்கர் 1636 வாக்கில் மஹால் கட்டினார், அதற்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது, அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் இந்தப் பிள்ளையார் என்பார்கள். முதலில் பிள்ளையாரைக் காட்டுங்கள். அடுத்த நாள் மஹாலில் அந்த வெள்ளைத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டு பேர் கை கோத்தாலும் எட்டாது. பிறகு ஒரு சாயங்காலம் தெப்பக்குளம். சுற்றுச்சுவரைப் பார்த்தபடி காற்று வாங்கிக்கொண்டு நடக்கலாம், கடைகள் இருக்கும், நடுமண்டபம் விளக்கில் தெரியும். மஹாலுக்குப் போய்த் திரும்பும் வழியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிடுங்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஒரு டம்ளரே வயிற்றை நிறைத்துவிடும், இரண்டு பிள்ளைக்கும் ஒன்று போதும்.

ஒரே ஒரு விடியற்காலைதான் கிடைக்கும் என்றால் நான் சமணர் மலைக்குப் போகச் சொல்வேன். ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழக்குயில்குடி. ஐந்தரைக்கு அங்கே இருங்கள். மலையடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். அம்மா அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துகொள்ளட்டும், மேலே ஏற வேண்டாம். நீங்களும் பிள்ளைகளும் பாறையில் வெட்டிய படியில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பேச்சிப்பள்ளம். பாறைச் சுவரில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருப்பார்கள், ஆயிரம் வருடத்துக்கு மேலான சிற்பங்கள். அடியில் வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. பெரியவளை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, தெரிகிற எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். சூரியன் ஏறும்போது பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்து, பகலில் மங்கலாகத் தெரிகிற கோடெல்லாம் எழுந்து நிற்கும். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற குகை. வெளியே பெரிதாக ஒரு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே குனிந்து பார்த்தால், சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானை மேல் வருகிறவனோடு சண்டை போடும் இயக்கி, சமணர்களின் பெண் தெய்வம். என் பையன் அதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்பக் கூட்டிப்போகச் சொல்வான். எட்டரைக்குள் கீழே இறங்கிவிடுங்கள், அதற்கு மேல் பாறை கொதிக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில், கட்டாயம்.

அழகர் கோவிலுக்கு ஒரு அரை நாள். வடக்கே 21 கிலோமீட்டர். வாசலில் பதினெட்டாம்படி கருப்பசாமியின் சாத்திய கதவு, உள்ளே கள்ளழகர், மேலே மரங்களுக்கு நடுவே பழமுதிர்ச்சோலை, அதற்கும் மேலே நூபுர கங்கை. அழகர் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. மேலே போக வண்டி உண்டு, அம்மாவுக்கும் சிரமம் இல்லை. கையில் பழம் இருந்தால் குரங்கு விடாது, பையை மூடி வையுங்கள். பிரசாதக் கடையில் கனமான அழகர் கோவில் தோசை கிடைத்தால் வாங்குங்கள், உளுந்தும் மிளகும் நெய்யுமாக இருக்கும்.

அந்தச் சாலையிலோ மேலூர் சாலையிலோ நுங்கு வெட்டிக்கொண்டிருப்பார்கள். வண்டியை நிறுத்துங்கள். "இளசா இருக்கா" என்று கேட்டு வாங்குங்கள். முற்றினது வயிற்றை வலிக்க வைக்கும். அரிவாளால் ஒரே சீவு, மூன்று கண் தெரியும், கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பினால் குளிர்ந்த தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு வரும். சட்டையில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள். பதநீர் வேண்டுமானால் காலையிலேயே குடிக்க வேண்டும், நேரம் ஆக ஆகப் புளிக்கும்.

நடுப்பகலுக்கு இரண்டு இடம். ஒன்று நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறந்தது, ஏசி உண்டு, பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கோடையில் இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய நிழல் இதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் கண்கொள்ளாமல் இருக்கும். இன்னொன்று கீழடி அருங்காட்சியகம், ராமநாதபுரம் சாலையில் அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓடு, தாயக்கட்டை, சுடுமண் பொம்மைகள் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் தாயக்கட்டைக்கு முன்னால்தான் நிற்பார்கள். மற்ற மதியங்களில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள், நாங்களும் அதைத்தான் செய்வோம்.

சாயங்காலம் மாசி வீதிகளில் சும்மா நடங்கள். மேல மாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறிய வீடு இருக்கிறது, இப்போது கதர்க் கடை. தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதித்தால் நின்று குடியுங்கள். கருப்பட்டியும் சுக்கும் போட்டது, வெயிலிலுமா சூடாக என்று முதலில் தோன்றும், குடித்தால் களைப்பு போகும்.

உங்கள் தேதி சித்ரா பௌர்ணமியை ஒட்டி வந்தால் நான் மேலே சொன்ன வரிசையெல்லாம் மாறும். திருக்கல்யாணம், தேரோட்டம், மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அப்புறம் விடியற்காலையில் தங்கக்குதிரையில் அழகர் வைகையில் இறங்குவது. அறை இப்போதே போட்டுவிடுங்கள். ஆற்றுக்குள் அந்த நெரிசலில் சின்னப் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிப் போக வேண்டாம். முந்தின நாள் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் பக்கம் நில்லுங்கள், சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு சனங்கள் காத்திருப்பதை அம்மா பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கிளம்புகிற அன்று காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். மல்லிக்கு இதுதான் விளைச்சல் காலம், மார்கழியில் ஆயிரக்கணக்கில் விற்கிற கிலோ இப்போது இறங்கியிருக்கும். பூத்ததை வாங்காதீர்கள், உருண்டையான மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். வாழை இலையில் மடித்து நூலால் கட்டித் தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துக் கறுத்துவிடும். ராத்திரி ரயிலில் பெட்டி முழுக்க வாசம் வரும். ஊர் போய்ச் சேர்ந்து பிரிக்கும்போது பாதி மொட்டு மலர்ந்திருக்கும், அம்மா தலையில் வைத்துக்கொள்ளலாம்.