குழாய் வாயைப் பாருங்கள்

கேள்வி: பேருந்து நிலையத்தில் வைத்திருக்கும் இலவச ஆர்.ஓ. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? - ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: எந்திரம் நன்றாகவே வடிகட்டும். ஆனால் அதிலுள்ள கரி வடிகட்டி, கிருமியைக் கொல்லும் குளோரினையும் சேர்த்து எடுத்துவிடும். ஊர்க் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை, ஆர்.ஓ. தொட்டியில் தேங்கும் தண்ணீருக்கு அந்தக் காவல் இல்லை.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். முதலில் குழாய் வாயைத்தான் பார்ப்பேன். உள்விளிம்பைப் பஞ்சால் துடைத்தால் பழுப்பாக, வழவழவென்று ஒட்டும். கிருமி குடியிருப்பது அதில்தான். வாய் வைத்துக் குடித்த பாட்டிலை அதில் முட்டவே விடாதீர்கள். கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். தொட்டி கழுவிய தேதி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் நகராட்சியில் தயங்காமல் கேளுங்கள். கைக்குழந்தை என்றால், காய்ச்சி ஆறவைத்தே கொடுங்கள்.