மகளை வீட்டிலேயே படிக்க வைத்தால் வழக்கு வருமா?

திருவையாறு பக்கம் இருக்கிறோம், எட்டு வயது மகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. வீட்டுக் கல்விக்கு அனுமதி வாங்கும் முறையும் இல்லை.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வருவார்கள். எங்கள் திண்ணையிலும் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டிலேயே படிக்கும் என் மகன் அறுவடையில் நெல் மூட்டைக் கணக்கு எழுதிய நோட்டைக் காட்டினேன், பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்கள். பிள்ளையை ஒளிக்காதீர்கள்.

சரி, சான்றிதழ்? 14 வயது நிறைந்தால் பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வு எழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். நடுவில் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழிவிடுகிறது.