மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் அம்மாவுக்கு அதிகமாக முடியவில்லை, நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. கம்பத்திலிருந்து தினமும் விடிகாலை ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். அப்பா இறந்த பிறகு தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை. கேரளத்தில் கட்டப்பனையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மன அழுத்தம் என்று சொல்லி, காலையில் எஸ்சிடலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனசெபாம் 0.25 மி.கி. எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாள் ஆகிறது. குமட்டல், தலைவலி, வியர்வை, கை நடுக்கம் எல்லாம் வந்திருக்கிறது. முன்னைவிடப் படபடப்பாக இருக்கிறார். "அது தூக்க மாத்திரை, பழகிட்டா விடவே முடியாது, நிப்பாட்டு" என்கிறார் அம்மாச்சி. அம்மா பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறார், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவதும் உண்டு. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை எழுதிய டாக்டரிடம் இன்றைக்கே போனில் பேசுங்கள். நீங்கள் சொல்லும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை காலையில் போடும் எஸ்சிடலோபிராமின் முதல் இரண்டு வாரத்தில் வருபவைதான், பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். ஆனால் அந்தப் படபடப்பும், கூடவே போடும் மற்ற மாத்திரைகளும் டாக்டர் காதுக்குப் போயே ஆக வேண்டிய விஷயங்கள்.

எஸ்சிடலோபிராமில் பக்கவிளைவு முந்திக்கொண்டு வரும், பலன் பிந்தித்தான் வரும். மாத்திரையை நிறுத்துகிறவர்களில் நிறையப் பேர் அந்த இடைவெளியில்தான் நிறுத்துகிறார்கள். இந்த மாத்திரை செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. நம் உடம்பில் உள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் மனசு தெளிவதற்கு முன்னால் வயிறு புரட்ட ஆரம்பித்துவிடுகிறது. தலைவலி, வியர்வை, லேசான நடுக்கம், தூக்கம் கெடுவது எல்லாம் இதே முதல் நாட்களின் தொந்தரவுகள். மனசில் மாற்றம் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூடப் பிடிக்கும். ஒன்பதாவது நாளில் உங்கள் அம்மாவுக்குத் தொந்தரவு மட்டும் தெரிந்து, பலன் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

அவர் மாத்திரையை எப்போது, எப்படிப் போடுகிறார் என்று கவனியுங்கள். விடியும் முன்பே எழுந்து வெறும் வயிற்றில் கட்டன் சாயாவோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, ஆள் நிறைந்த ஜீப்பில் கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறினால், எந்த மாத்திரையும் போடாதவருக்கே குமட்டும். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகும் போடலாம்; பலன் குறையாது. தோட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நேரம் மாற்றும்போது ஒரே நாளில் இரண்டு மாத்திரை போய்விடக் கூடாது. குமட்டல் ரொம்பவே இருந்தால் சில நாள் 5 மில்லிகிராமாகக் குறைத்து, பிறகு ஏற்றுவதும் டாக்டர்கள் செய்வதுதான்.

ஏலத்தோட்ட வேலை என்பதால் இன்னொன்றையும் கேட்கிறேன். மருந்து அடிக்கிற நாட்களில் இந்தத் தொந்தரவு கூடுகிறதா? குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்து உடம்பில் ஏறினாலும் வியர்வை, வாந்தி, தலைவலி, நடுக்கம் வரும். அதோடு வாயில் எச்சில் ஊறுவது, கண்ணில் நீர் வழிவது, பார்வை மங்குவது, நெஞ்சு இறுக்குவது சேர்ந்தால், மாத்திரையின் மேல் பழி போட்டு வீட்டில் படுக்க வைக்காதீர்கள். உடுத்திய துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி அந்தப் படபடப்பு. லேசான பதற்றம் முதல் வாரத்தில் வரக்கூடியதுதான். ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசுவது இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த வகை மருந்துகள் சிறுவர்களிடமும் பதின்பருவத்தினரிடமும் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரித்தது. 2007-இல் அந்த எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டித்தது. உங்கள் அம்மா அந்த வயதில் இல்லை. இருந்தாலும் மன அழுத்தமே அந்த எண்ணத்தைத் தரும் நோய் என்பதால், "சாகலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்கிறவர் கிடைத்தால் மனசு கொஞ்சம் இறங்கும். வீட்டில் பூச்சிமருந்து டப்பா ஏதாவது இருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாத்திரைகளையும் கொஞ்ச நாள் நீங்களே வைத்துக் கொடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, திடீரென்று தூக்கமே தேவைப்படாத உற்சாகம், ஓயாத பேச்சு, தாறுமாறான செலவு என்று ஆனாலும் டாக்டருக்குச் சொல்லுங்கள். சிலருக்கு உள்ளே மறைந்திருக்கும், அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் இந்த மாத்திரைக்குப் பிறகு வெளியே வருவதுண்டு.

இடுப்பு வலிக்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவற்றை எஸ்சிடலோபிராமோடு சேர்த்துத் தொடர்ந்து போட்டால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் தாமதிக்கக் கூடாது. டிராமடால் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் அளவுக்கு மீறினால் காய்ச்சல், விறைப்பு, தசைத் துடிப்பு, வயிற்றுப்போக்கு, குழப்பம் எல்லாம் வரலாம். அது அவசர சிகிச்சைக்கான நிலை. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை. வலிக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு கொடுங்க" என்று கேட்டு வாங்குவதை அம்மா விட்டுவிட வேண்டும்.

பி.பி. மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்திருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். இவை சிறுநீரை அதிகப்படுத்தும் மருந்துகள். எஸ்சிடலோபிராமும் சேரும்போது சிலருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். வயதானவர்களுக்கு இது அதிகம், பெண்களுக்கும் உண்டு. குமட்டலும் தலைவலியும் அதன் அறிகுறிகளாகவும் இருக்கலாம் என்பதால், சோடியம் அளவை ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். தள்ளாட்டம், பேச்சில் தடுமாற்றம், வலிப்பு ஏதாவது வந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாச்சியின் பயத்தை நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் அம்மா போடுவது இரண்டு மாத்திரை, இரண்டும் ஒன்றல்ல. பழக்கமாகக் கூடியது இரவில் போடும் குளோனசெபாம். எஸ்சிடலோபிராம் வேலை செய்யத் தொடங்கும் வரை பதற்றத்தைத் தணிக்க அதைக் கொஞ்ச நாள் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் இழுத்தால் விடுவது சிரமம். "இதை எப்போது குறைக்கப் போகிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அது காலையிலும் கிறக்கம் தரலாம். மழைக்காலத்தில் வழுக்கும் சரிவில் காய் எடுக்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

எஸ்சிடலோபிராம் தூக்க மாத்திரை இல்லை. அதன் மேல் ஏக்கம் வராது, நாளாக ஆக டோஸைக் கூட்டிக்கொண்டே போகவும் தோன்றாது. ஆனால் பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். அதனால்தான் படிப்படியாகக் குறைப்போம். சிலருக்கு அந்தக் குறைப்பை மாதக்கணக்கில் மெதுவாகச் செய்ய வேண்டியிருக்கும். அம்மா நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

கட்டப்பனைக்குப் போய்வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும் என்று தெரியும். முதலில் போனில் கேளுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எங்கே காட்டினாலும் கேரளத்துச் சீட்டையும் இங்குள்ள பி.பி. சீட்டையும் வலி மாத்திரை அட்டையையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப்போங்கள். இங்கே கொடுத்தது அங்கே தெரியாமல் போவதுதான் எல்லை ஊர்களில் அடிக்கடி நடக்கிறது.

கடைசியாக, இந்த மாத்திரையால் தாம்பத்திய ஆசை குறையலாம், மாதவிலக்கில் போக்கு கூடலாம், சிலருக்குக் கொஞ்சம் எடை ஏறலாம். குமட்டல் போல இவை சில நாளில் போய்விடுவதில்லை. டோஸைக் குறைத்தோ, வேறு மருந்துக்கு மாற்றியோ சரிசெய்யப் பார்க்கலாம். ஆனால் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த அம்மாவும் இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல மாட்டார். அடுத்த முறை போகும்போது அவர்கள் இருவரும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, நீங்கள் வெளியே இருங்கள்.