சீன உள்ளீடு: ஸ்கெல்லில் போட்டால் போதாது
உப்புவெளி வகுப்பறைக் கணினிகளில் டெபியன் லினக்ஸ் தானாக ஏறிவிட்டது, ஆனால் பின்யின் (ஆங்கில எழுத்தில் தட்டிச் சீனம் எழுதும் முறை) வரவில்லை, லேட் கமாண்டில் (நிறுவல் முடியும் தறுவாயில் ஓடும் கட்டளை) எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருளின் புரொஃபைல் கோப்பை ஸ்கெல்லுக்குள் (புதுப் பயனரின் ஹோமுக்கு நகலாகும் மாதிரி ஃபோல்டர்) போட்டும் பலனில்லை என்கிறீர்கள். சிக்கல் நேரத்தில்தான். பிரீசீடின் (நிறுவல் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தரும் கோப்பு) லேட் கமாண்ட் ஓடும்போது பயனர் கணக்கு ஏற்கெனவே உருவாகியிருக்கும். பிறகு ஸ்கெல்லில் விழுவதை அது திரும்பியும் பார்க்காது. கோப்பை நேரே அந்தப் பயனரின் ஹோமில், டாட் கான்ஃபிக்குக்குள் உள்ள எஃப்சிஐடிஎக்ஸ்5 ஃபோல்டரில் வையுங்கள். அப்புறம் ஓனரை அவர் பெயருக்கு மாற்றுங்கள். திருகோணமலையில் ஒரு டியூட்டரிக்குச் செய்தபோது நான் ரூட் (நிர்வாகி) பெயரிலேயே விட்டுவிட்டு ஒரு பின்னேரம் முழுக்க முழித்துக்கொண்டிருந்தேன். சரி, பிரீசீடின் பேக்கேஜ் வரியில் சைனீஸ் ஆட்ஆன்ஸ் இருக்கிறதா? வெறும் எஃப்சிஐடிஎக்ஸ்5இல் பின்யின் கிடையாது. எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் நோட்டோ சிஜேகே ஃபான்டையும் சேர்த்துவிடுங்கள்.